போனில் வரும் மழையை உங்கள் தோட்டத்து மண்ணோடு வைத்துப் படிப்பது எப்படி

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்து பஹாவ் பக்கம், ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை செய்கிறேன். குலைக் கணக்கு, செக்ரோல் என்ற ஆள் சம்பளப் பதிவேடு, உர ஸ்டாக், இவற்றோடு மழைமானியும் என் பொறுப்பு. காலைப் பெரட்டு (ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது) முடிந்ததும், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்கள் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்கள். "அக்கா, இன்னைக்கு உரம் இறக்கலாமா? மருந்து அடிக்கிறவங்கள அனுப்பட்டுமா?" எல்லார் கையிலும் போன் இருக்கிறது, போனில் வானிலை ஆப்பும் இருக்கிறது. ஆனால் அந்த ஆப்பில் பாதி வருஷத்துக்கு மேல் இடி மின்னல் படம்தான். அதைப் பார்த்து வேலையை நிறுத்தினால் தோட்டம் ஓடாது.

அந்தப் படத்தைப் படிக்க நான் பழகிக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன். இதில் முக்கால்வாசி மண் சமாச்சாரம்தான். மழைக் கணிப்பு போடும் கம்ப்யூட்டர் மாடலுக்குள் நிலத்துக்கென்றே தனிக் கணக்கு ஒன்று ஓடுகிறது. தரையில் எவ்வளவு ஈரம், மேலே எவ்வளவு இலை, வெயில் பட்டால் எவ்வளவு சூடேறும், எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்று அது சில நிமிடத்துக்கு ஒரு தடவை கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் நிலம் தப்பாகப் பதிவாகியிருந்தால் மத்தியான வெப்பம் தப்பும். வெப்பம் தப்பினால் மேகம் கூடும் நேரமும் தப்பும், சாயங்கால மழையும் தப்பும்.

முதலில் உங்கள் சதுரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாடல் உலகத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறது. நாம் பார்க்கும் ஆப்கள் பலவற்றுக்கும் பின்னால் இருப்பது ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடல், இல்லாவிட்டால் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ். ஐரோப்பிய மாடலின் கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், ஜிஎஃப்எஸ் சுமார் 13. ஒன்பதுக்கு ஒன்பது என்றால் 8,100 ஹெக்டர், அதாவது சுமார் 20,000 ஏக்கர். எங்கள் தோட்டம், பக்கத்துத் தோட்டம், ஃபெல்டா என்ற அரசு நிலக்குடியேற்றத் திட்டத்து நிலம், கம்போங் (கிராமத்து) ரப்பர், டவுன் கடைவீதி எல்லாம் அதில் ஒரே கட்டமாகிவிடும். உங்கள் ஆற்றங்கரை பிளாக்குக்கும் மேட்டு பிளாக்குக்கும் ஆப் ஒரே மழையைக் காட்டுவது இதனால்தான்.

கூகல் மேப்பில் உங்கள் தோட்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓப்பன்-மீட்டியோ என்ற இணையதளத்துக்குப் போங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம், பெயர்ப் பதிவும் வேண்டாம். அங்கே ஐரோப்பிய மாடலின் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு எண்களைக் கொடுத்து, மழை, வெப்பம், மண்ணீரம் மூன்றுக்கும் டிக் போடுங்கள். கோட்டுப்படம் வரும். மண்ணீரம் அடுக்கடுக்காக இருக்கும்: முதல் 7 சென்டிமீட்டர், பிறகு 7 முதல் 28 வரை, பிறகு இன்னும் கீழே. நமக்கு மேல் இரண்டு அடுக்கு போதும்.

அந்தக் கட்டத்தின் உயரத்தையும் பாருங்கள். மலையடிவாரத் தோட்டமாக இருந்தால் மாடல் உங்களை நிஜத்தைவிட உயரத்தில் வைத்திருக்கலாம். 150 மீட்டர் வித்தியாசம் இருந்தால் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி போய்விடும்.

நிலத்தைக் கணக்கில் கொண்டுவந்தது ஒன்றும் புதிதல்ல. 1969-இல் சியுகுரோ மனாபே என்ற விஞ்ஞானி தரையை 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு வாளியாக வைத்துக் கணக்குப் போட்டார். மழை வந்தால் வாளி நிரம்பும், நிரம்பி வழிந்தால் ஆற்றுக்குப் போகும், வெயிலில் வற்றும். அவ்வளவுதான். அவருக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு வாளிக்குப் பதில் அடுக்குகள் வந்துவிட்டன. நம் நாட்டு வானிலைத் துறையும் பயன்படுத்தியிருக்கிற டபிள்யூஆர்எஃப் மாடலோடு பரவலாக ஓட்டப்படும் 'நோவா' என்ற நிலக்கணக்கில் 10, 30, 60, 100 சென்டிமீட்டர் தடிப்பில் நான்கு அடுக்கு, மொத்தம் 2 மீட்டர். செம்பனை வேரில் பெரும்பகுதி மேலே ஒரு மீட்டருக்குள் இருப்பதால் அந்த ஆழம் நமக்கு ஒத்துவரும்.

ஒத்துவராதது இலைக்கணக்கு. உலக அளவில் பரவலாகப் பயன்படும் நிலப்போர்வைப் பட்டியல் ஒன்றில் 17 வகைகள் உண்டு. காடு உண்டு, புல்வெளி உண்டு, பயிர்நிலம் உண்டு, பனிப்பாறைகூட உண்டு. செம்பனை இல்லை. மேலிருந்து படம் எடுத்தால் முதிர்ந்த செம்பனை பெரும்பாலும் 'பசுமைமாறா அகன்ற இலைக் காடு' என்ற வகையில் போய் விழுந்துவிடும். லட்சக்கணக்கான ஹெக்டரில் நட்டு வைத்திருக்கிற மரத்துக்குச் சொந்தமாக ஒரு வரிசை எண்கூட இல்லை! முதிர்ந்த பிளாக்குக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மறுநடவு பிளாக்குக்குத்தான் வம்பு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெயில் எங்கே செலவாகிறது

தரைக்கு வரும் வெயிலைச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு இரண்டு: காற்றைச் சூடாக்குவது, தண்ணீரை ஆவியாக்குவது. மண்ணுக்குள் இறங்குவது சில்லறை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் ஒரு லிட்டர், அதை ஆவியாக்க ஏறக்குறைய 2.45 மெகாஜூல் வேண்டும். ஈரம் குறையாத நாளில் முதிர்ந்த செம்பனை 4, 5 மி.மீ. வரை காற்றில் ஏற்றிவிடும். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 16,000 முதல் 20,000 லிட்டர், அதுவும் ஒரே நாளில்.

மண் காய்ந்தால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். ஆவியாக்கப் போக வேண்டிய சக்தி காற்றைச் சூடாக்கப் போய்விடும். 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது எல் நினோ வறட்சிக் காலத்தில். அதுதான் இன்றுவரை நம் நாட்டு உச்சம் என்று சொல்கிறார்கள். அந்த மாதிரி நாளில் வானம் மட்டும் காரணமில்லை, காய்ந்த தரைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் ஈரம் இருந்தால் மழை, காய்ந்தால் மழையில்லை என்று எளிதாக முடிவுகட்டிவிடாதீர்கள். ஈரத் தரையின் மேல் காற்றில் நீராவி கூடும், மேகத்தின் அடிப்பகுதி தாழ்வாக இருக்கும். காய்ந்த தரையின் மேல் காற்று வேகமாக மேலெழும். காய்ந்த துண்டும் ஈரத் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சூடான பக்கம் மேலே போக, ஈரப் பக்கத்துக் காற்று அந்த இடத்துக்கு வந்து சேரும். 2012-இல் செயற்கைக்கோள் தகவலை வைத்து உலகம் முழுக்கப் பார்த்த ஆய்வு ஒன்றில், பிற்பகல் மழை சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த மண்ணின் மேல் விழுவதே அதிகம் என்று தெரியவந்தது. பெரிய கட்ட மாடல்களில் பலவும் இதற்கு நேர்மாறாகச் செய்வதையும் அதே ஆய்வு சொன்னது. முந்தின நாள் பாதித் தோட்டத்தில் மட்டும் கொட்டியிருந்தால், மறுநாள் மற்ற பாதியை நான் கூடுதலாகக் கவனிப்பதற்கு இதுதான் காரணம்.

காலையில் செய்ய வேண்டியது

மழைமானியைக் காலை 8 மணிக்குப் படியுங்கள், எல்லா நாளும் அதே நேரம். உலக நேரப்படி நள்ளிரவு 00 மணி நமக்குக் காலை 8. வானிலைக் கணக்குகள் அங்கிருந்துதான் நாளைத் தொடங்குகின்றன. நீங்கள் 6:30-க்குப் படித்தால் உங்கள் புத்தகமும் அவர்கள் நாளும் ஒட்டவே ஒட்டாது. மழைமானியைச் சுற்றி மரம் இருந்தால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். நான் இந்த ஆபீசுக்கு வந்தபோது எங்கள் மானிக்கு மேல் ஒரு ரம்புத்தான் கிளை குடை பிடித்துக்கொண்டிருந்தது. கிளையை வெட்டிய பிறகுதான் புதுப் புத்தகத்தையே திறந்தேன்.

அடுத்தது, ஆப்பில் இருக்கும் கணிப்பு எப்போது போட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஐரோப்பிய மாடலின் பெரிய ஓட்டங்கள் நம் நேரப்படி காலை 8-க்கும் இரவு 8-க்கும் தொடங்குகின்றன. கணக்கு முடிந்து வெளியே வர ஆறேழு மணி நேரம் ஆகும். அதனால் பெரட்டு நேரத்தில் நீங்கள் பார்ப்பது முந்தின நாள் இரவு 8 மணி நிலவரத்தில் தொடங்கிய கணக்கு. ராத்திரி 9 மணிக்கு உங்கள் தோட்டத்தில் 40 மி.மீ. கொட்டியது அதற்குத் தெரியாது. தானாகவே அந்த மழையைக் கணித்திருந்தால் மண் நனைந்திருக்கும், கணிக்காவிட்டால் அதன் கணக்கில் உங்கள் மண் இன்னும் காய்ந்துதான் கிடக்கும். காலை 8 மணி ஓட்டம் வந்து சேரும்போது மத்தியானம் இரண்டு, மூன்று ஆகிவிடும். அதற்குள் மழை வந்தாலும் வந்துவிடும்.

ஆகவே மழைமானியில் இருப்பதையும், அதே 24 மணி நேரத்துக்கு மாடல் போட்ட மழையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள், 20,000 ஏக்கருக்குச் சராசரி போட்ட எண் உங்கள் ஒரு மானியோடு எப்படிப் பொருந்தும்? பத்து நாள் கூட்டுத்தொகையைப் பாருங்கள். மாடல் 80 போட்டு உங்கள் மானி 20 காட்டினால், மாடலின் மண் உங்கள் மண்ணைவிட ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு மண்ணைக் கையால் பாருங்கள். செம்பனை வரிசைக்கு நடுவே, வெட்டிய மட்டைகளை அடுக்காத பக்கமாக, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டுங்கள். மட்டைக்குக் கீழே எப்போதும் குளுகுளுவென்றுதான் இருக்கும், அங்கே பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அடி மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உருண்டையாக நின்று உள்ளங்கையில் ஈரக்கறை விட்டால் மண் நிறைந்திருக்கிறது. உருண்டையாக நின்று, கட்டைவிரலால் தட்டினால் உடைந்தால் நடுத்தரம். திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. நம் பக்கத்துச் செம்மண்ணில் லேட்டரைட் கல் நிறைய, விரலில் கல் நெருடும், கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பிடியுங்கள். பந்திங், தெலுக் இந்தான் பக்கத்துக் கடலோரக் களிமண்ணும் கரிமண்ணும் (மக்கிய தாவர மண்) வேறு ஜாதி. அங்கே இருப்பவர்கள் தங்கள் மண்ணில் நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துத் தங்களுக்கென்று ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் தெரிந்ததை மாடலின் மண்ணீரக் கோட்டோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணை அப்படியே உங்கள் மண்ணின் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் அதன் மண் வகைக்கேற்ற அளவுகோல் தனி. ஒன்றின் 0.40 இன்னொன்றின் 0.30 ஆக இருக்கலாம். கோடு கடந்த இரண்டு மூன்று வாரத்தில் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, அதன் சொந்த உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அந்த ஈரத்தை யாரோ வந்து அளந்து கொடுத்ததாகவும் நினைக்க வேண்டாம். மண்ணீரம் பார்க்க 2009-இல் ஐரோப்பியர் ஒரு செயற்கைக்கோளும் 2015-இல் நாசா ஒன்றும் அனுப்பினார்கள். அவற்றுக்குத் தெரிவது மேலே சுமார் 5 சென்டிமீட்டர்தான். அடர்ந்த மரம் மூடிய நிலத்தில் அதுவும் மங்கிவிடும். நம் நாடே மரம்தானே. அதனால் மாடல் தன் பழைய மண்ணையே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வானிலை நிலையங்களில் அளந்த வெப்பமும் ஈரப்பதமும் தன் கணிப்போடு ஒத்துப்போகாவிட்டால் மண்ணீரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது. பிழை இலையில் இருந்தாலும் சரி, மேகத்தில் இருந்தாலும் சரி, பழி விழுவது மண்ணின் தலையில்தான். ஆபீசில் கணக்கு இடித்தால் 'இதர செலவு' என்று எழுதுவோமே, அந்தக் கதை.

கூட்டிக் குறைத்துப் படிப்பது

இப்போது மறுநடவு பிளாக். 25 வருஷ மரங்களைச் சாய்த்துச் சீவிப் பரப்பி, மூடுபயிர்க் கொடி இன்னும் படராத நிலம். மாடலுக்கு அது இன்னும் காடு. முதிர்ந்த பிளாக்கிலும் அங்கேயும் நிழலில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் மத்தியானம் இரண்டு மூன்று டிகிரி சாதாரணமாகக் கூடியிருக்கும், காற்றில்லாத நாளில் அதற்கும் மேலே. ஆப் 33 என்று சொன்னால் அந்த பிளாக்கில் வேலை செய்கிறவர்களுக்கு 35, 36 என்று வைத்துத்தான் தண்ணீர் அனுப்புகிறேன், வேலையையும் 11 மணிக்குள் முடிக்கச் சொல்கிறேன். மழை வருகிறதோ இல்லையோ, இந்த ஒரு திருத்தம் எப்போதும் பலன் தரும்.

கம்போங் ரப்பர் அதிகமுள்ள பக்கமாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சைக் கவனியுங்கள். பால்மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பல மாடல்களில் இலையளவு என்பது பல வருஷத்துச் சராசரி. அதுவும் காடு, செம்பனை, ரப்பர் எல்லாம் கலந்த சராசரி என்பதால் இலை கொட்டியது அதில் சரியாகத் தெரியாது. அந்த வாரங்களில் மண் கைப்பிடியில் உதிர்ந்தால் ஆப்பின் மத்தியான வெப்பத்தில் ஒரு டிகிரி கூட்டிக்கொள்வேன், சாயங்கால மழைப் படத்துக்குப் பாதி மதிப்புத்தான் கொடுப்பேன். ஜெலுபு, கோலப்பிலா, ஜெம்போல் பக்கமெல்லாம் மலைக்கு மறைவில் இருக்கிற நிலம், தீபகற்பத்திலேயே மழை குறைவான பகுதி. மண் காய்வது இங்கே சீக்கிரம் தெரியும்.

நேரத்திலும் ஒரு திருத்தம் உண்டு. பெரிய கட்ட மாடல்கள் இடிமழையை நேரடியாகக் கட்டுவதில்லை, சூத்திரம் வைத்துக் கணக்கிடுகின்றன. அந்தச் சூத்திரங்களுக்கு அவசரம் அதிகம். தரை சூடேறியதும் மழையைப் போட்டுவிடும். ஆப்பில் மத்தியானம் 1 மணிக்கு மழை என்றிருந்தால், கடலிலிருந்து 60, 70 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் அது நாலு, ஐந்து மணிக்கு வருவதுதான் வழக்கம். கடல்காற்று உள்ளே வந்து சேரவே நேரமாகும். காலையில் மருந்து அடித்து முடிக்க இந்த இடைவெளி தாராளம்.

புகைமூட்டம் இருக்கும் நாட்களில் எல்லாமே தலைகீழ். புகை வெயிலை மறைக்கும்; தரை சூடேறாது. பல மாடல்களில் காற்றுத்தூசி என்பது வழக்கமான சராசரி அளவு மட்டுமே, அன்றைய புகை அதில் இருக்காது. அந்த நாட்களில் வெப்பத்தைக் குறைத்தே படியுங்கள்.

இந்த வேலையெல்லாம் வீணாகும் நாட்களும் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரிசையாக வரும் புயல்மழைக்கு உங்கள் மண் ஈரமா காய்ந்ததா என்பதில் அக்கறையில்லை. அன்றைக்கு ராடார் படத்தைப் பாருங்கள், போதும். வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போதும் அப்படித்தான். 2004-இல் பல மாடல்களைச் சேர்த்து ஓட்டிப் பார்த்த ஓர் ஆய்வில் மண்ணீரம் மழையை அதிகம் இழுக்கும் இடங்களாக வந்தவை வட அமெரிக்கச் சமவெளி, ஆப்பிரிக்காவின் சாஹேல், இந்தியா போன்றவை. நாம் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்பதால் வருஷத்தில் பெரும்பகுதி மண் ஈரம் ஒரே மாதிரிதான், வெயில்தான் முடிவு செய்யும். நான் சொன்ன வழி பலிப்பது வறண்ட வாரங்களிலும், ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களின் சாயங்கால இடிமழைக் காலத்திலும்தான்.

உர விஷயத்துக்கு வருகிறேன். கையில் மண் நடுத்தரமாகப் பிடிக்கிறது, மாடலின் மேல் அடுக்கு சரிந்துகொண்டிருக்கிறது, வானிலைத் துறை எங்கள் ஜெம்போல் மாவட்டத்துக்கு 'ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்று மாலைக்குப் போட்டிருக்கிறது: உரம் இறக்கலாம். மண் உதிர்கிறது, இன்னும் நாலு நாளைக்குப் பெரிய மழை தெரியவில்லை: யூரியாவைத் தொடாதீர்கள், காற்றோடு போய்விடும். மண் கையில் கறை விடுகிறது, இரண்டு அடுக்கும் அவற்றின் உச்சத்தை ஒட்டி நிற்கின்றன: மழை சுமாராக வந்தாலே உரம் சாக்கடைக்குத்தான் போகும், மூட்டையை ஸ்டோரிலேயே விடுங்கள். ஒரு மண்டோர் அண்ணன் ஜன்னலில் நின்று, "ஆப்ல வெயில் படம்தானே அக்கா போட்டிருக்கு?" என்பார். "மண்ணைப் பிடிச்சுப் பாத்துட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவிடுவேன்.

அந்த மூன்றாவது நிலை டிசம்பரில் வந்தால் உரத்தை மறந்துவிட்டு வெள்ளத்தைப் பாருங்கள். நிறைந்த மண் அடுத்த மழையை உள்ளே வாங்காது, விழுவதில் பெரும்பகுதி நேராக ஓடைக்குப் போகும். 2021 டிசம்பரில் நாட்டின் பல பகுதிகளை மூழ்கடித்த மழைக்குக் காரணம் வெப்பமண்டலத் தாழ்வு நிலை, மண் அல்ல. ஆனால் விழுந்த தண்ணீர் எவ்வளவு வேகமாக ஆற்றுக்குப் போகிறது என்பதில் மண்ணுக்குப் பேச்சு உண்டு. இரண்டு அடுக்கும் நிறைந்திருக்கும் வாரத்தில் குலை லாரியைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள், தாழ்வான பிளாக்கின் குலையை முதலில் ஏற்றுங்கள், கல்வெர்ட்டில் அடைத்திருக்கும் மட்டையை முந்தின நாளே எடுக்கச் சொல்லிவிடுங்கள்.